நாலு பேர் சொன்னார்கள் என்றாய்

கண்ணு,

வியாழக்கிழமை மத்தியானம் நான் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது உன் மெசேஜ் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாய். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. நித்யாவுக்கு வலிப்பு இருக்கிறதாம், நாலு பேர் சொல்லிவிட்டார்களாம், கல்யாணத்தை நிறுத்த வேண்டுமாம், குன்னத்தூருக்கு நானே போய் அவர்கள் வீட்டில் சொல்லிவிட வேண்டுமாம். தை மாதம் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்து, இரண்டு பக்கத்துச் சொந்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து, வைகாசிக்கு மண்டபமும் பேசி வைத்திருக்கிற கல்யாணத்தை, பெங்களூரில் ஏசி ரூமில் இருந்தபடி ஒரு கட்டை விரலால் நிறுத்திவிட்டாய். இதற்குப் பதிலைப் போனில் சொன்னால் மீட்டிங் என்று சொல்லிப் பாதியில் வைத்துவிடுவாய். மெசேஜில் அனுப்பலாம் என்றால் அதில் நூற்று அறுபது எழுத்துக்கு மேல் போகாது என்கிறார்கள். உன்னைத் திட்டுவதற்கே அது பத்தாது, மற்றதை எங்கே சொல்வது? அதனால் பேப்பரில் எழுதுகிறேன். பட்டனை அமுக்கி இதைப் பத்துப் பேருக்கு அனுப்பி வைக்க முடியாது என்பது இதில் உள்ள இன்னொரு வசதி.

அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். "ஆரு கண்ணு அந்த நாலு பேரு?" என்று கேட்டேன். "சதீஷ் சொன்னாம்மா. அவனுக்குக் குன்னத்தூர்லயே ஃப்ரெண்டு இருக்கறான். இன்னும் ரெண்டு பேரு மெசேஜ் போட்டாங்க. நெட்லயும் ஒருத்தன் எழுதிட்டான்" என்றாய். "அவங்கள்ல ஆராச்சும் அந்தப் புள்ளைக்கு வலிப்பு வந்து கண்ணால பாத்தாங்களா?" என்றேன். "பாக்கோணும்னு என்னம்மா இருக்குது? அத்தன பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கல்ல" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை. நீ எம்.பி.ஏ. படித்தவன். பையிங் ஆபீசில் மெர்ச்சண்டைசர். ஒரு பட்டன் துருப்பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள மூன்று டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிற ஆள். துணி ஒரு துவைப்புக்கு எவ்வளவு சுருங்கும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு பெட்டியைக்கூட லாரியில் ஏற்ற விடமாட்டாய். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி மட்டும் உன் நண்பன் சதீஷ் வாயால் சொன்னது உனக்குப் போதுமானதாக இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவளோடு அரை மணி நேரம் போனில் குழைகிறாயே, அவளிடம் கேட்டாயா என்றேன். "அதெப்படிம்மா அவகிட்டயே கேக்கறது" என்றாய். அவளிடம் கேட்க உனக்குக் கூச்சம். பதினோரு நண்பர்களுக்கு அந்த மெசேஜைத் திருப்பி அனுப்பி 'இது உண்மையா' என்று கேட்பதற்குக் கூச்சம் இல்லை.

நெட்டில் எழுதியது என்ன என்று மறுநாள் எங்கள் ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு முகத்தை ஒட்டி வைத்து, ஒருவர் பக்கத்தில் ஒருவர் போய்க் கிறுக்கிவிட்டு வருகிறீர்களே, அந்த இடம்தான். உன் பக்கத்தில் எவனோ 'மச்சி, நல்ல நேரத்துல தப்பிச்சே' என்று எழுதி, கீழே நித்யாவின் பெயரையும் ஊரையும் போட்டு வைத்திருந்தான். அதற்குக் கீழே ஆறு பேர் வந்து அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். உனக்குத்தான் அனுதாபம், அவளுக்கு இல்லை. ஒருவன் கடவுள் உன்னைக் காப்பாற்றினார் என்று எழுதியிருந்தான். பொதுக் கழிப்பறைச் சுவரில் கரியால் எழுதுகிறவன்கூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழுதுவான். உன் நண்பர்கள் போட்டோவோடு எழுதுகிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். நித்யாவும் பார்த்திருப்பாள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியில் தேடிப் போக வேண்டியதில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் வீட்டுக்கு ஒரு துண்டு நோட்டீஸ் வந்தது. ஏதோ ஒரு கோயிலில் பாம்பு வந்து பூசாரியிடம் பேசியதாம். இதைப் படித்தவர்கள் இருபத்தொரு பேருக்கு எழுதி அனுப்பினால் நல்லது நடக்குமாம், கிழித்துப் போட்டவன் ரத்தம் கக்கிச் செத்தானாம். உன் அப்பா கார்பன் பேப்பர் வைத்து இருபத்தொரு காப்பி எழுதினார். "இதையெல்லாம் நம்பறீங்களா?" என்று கேட்டேன். "நம்பலை. எதுக்கும் இருக்கட்டுமே" என்றார். அவர் நம்பவில்லை என்பது வாங்கிய இருபத்தொரு பேருக்குத் தெரியாது. அவர்கள் பார்த்தது தெரிந்த மனிதரின் கையெழுத்தை மட்டும்தான். அந்த மனிதர் பீடிகூடக் குடிக்காதவர், பொய் சொல்லமாட்டார் என்று அத்தனை பேரும் ஆளுக்கு இருபத்தொன்று எழுத உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நம்பாதவர்கள் நம்பாதவர்களுக்கு அனுப்பியே ஒரு பொய் ஜில்லாவைச் சுற்றி வந்துவிடுகிறது. அன்றைக்காவது கை வலிக்க எழுத வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த வலியும் இல்லை.

நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தபோது நடந்ததும் உனக்கு நினைவிருக்கும். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்த காலம் அது. நீ போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "குடிதண்ணி லைன்ல சாயத் தண்ணி கலந்திருச்சாம்மா, ஆரும் குடிக்க வேண்டாமாம்" என்றாய். தெருவில் அத்தனை பேர் போனிலும் அதே மெசேஜ். கால் மணி நேரத்தில் அத்தனை வீட்டிலும் தொட்டியைத் திறந்துவிட்டார்கள், சாக்கடை நிறைந்து ஓடியது. நானும் திறந்துவிட்டேன். குடத்தில் இருந்த தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. சாயத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று திருப்பூர்க்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாயம் ஓடுகிற நொய்யல் ஆற்றைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறோம். ஒரு டம்ளர் எடுத்து வெளிச்சத்தில் பார்த்திருந்தால் போதும். தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு ஏழு நாள் லாரித் தண்ணீருக்குச் சண்டை போட்டோம். அந்த மெசேஜ் பொய் என்று தெரிந்த பிறகும் யாருக்கும் வெட்கம் வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்லதுக்குத்தானே அனுப்பினோம் என்றார்கள். கெட்ட செய்தியை அடுத்தவன் காதில் போடுகிறவனுக்குத் தான் ஏதோ உபகாரம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்பு சுகமாக இருக்கிறது. அதற்காகவே இன்னும் நாலு பேருக்கு அனுப்புகிறான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரையும் திட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். செக்கிங்கில் என் நம்பர் ஏழு. நான் குறை பார்த்து முடித்த பனியனில் ஏழு என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவேன். அதைப் பார்த்தால் எனக்கு அடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் பனியனை விரிக்கவே மாட்டார்கள். ஏழா, சரி என்று மடித்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் பெருமை. ஒரு நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய், கண் எரிச்சலில் ஒரு கட்டுப் பனியனைப் பார்க்காமலே ஸ்டிக்கரை மட்டும் ஒட்டித் தள்ளினேன். இரண்டாவது செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லாக் கையையும் தாண்டிப் போய், கடைசியில் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்து, ஒரு பனியனை எடுத்து அக்குள் ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்கள். "ஏழாம் நம்பர் இருந்துச்சுங்க" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நாலு கை தாண்டி வந்த பனியனை நாலு பேர் பார்த்ததாக வெளியில் இருக்கிறவன் நினைத்துக்கொள்வான். உண்மையில் ஒருத்திகூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய ஒருத்தி நான்தான். ஒரு வருஷம் வரைக்கும் அந்த அவமானம் இருந்தது. பிறகு மறந்துவிட்டேன், அதுதான் விஷயம்.

ஏனென்றால் நித்யாவைப் பற்றிய செய்தி உன்னிடமிருந்து வருவதற்கு முதல் நாளே எனக்கும் வந்துவிட்டது. பக்கத்து டேபிள் மல்லிகா சொன்னாள். தேனிப் பக்கத்துக்காரி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். "யக்கா, ஒங்க மகனுக்குப் பேசின புள்ளைக்கு வலிப்பாம்ல. கோயமுத்தூர்ல மூணு வருசமா வைத்தியமாம்ல. லைன் சூப்பர்வைசர் போன்ல வந்துச்சு, காமிச்சாரு" என்றாள். அந்த நிமிஷம் என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? ஐயோ பாவம் என்று ஓடவில்லை, பொய்யாக இருக்குமோ என்றும் ஓடவில்லை. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது, சரியாகத்தான் போயிற்று என்று ஒரு திருப்தி ஓடியது. ஒரு நாள் முழுக்க அந்தத் திருப்தியோடு இருந்தேன். நீயும் அதையே சொன்ன பிறகு, கல்யாணத்தை நிறுத்தப் போகிறவள் கையில் ஒரு ஆதாரத்தோடு குன்னத்தூருக்குப் போக வேண்டும் என்று நினைத்துத்தான் விசாரிக்கக் கிளம்பினேன். அவளைக் காப்பாற்றுவதற்குக் கிளம்பினேன் என்று தப்பாக நினைத்துவிடாதே.

பனியனில் குறை வந்தால் பண்டல் சீட்டை வைத்துப் பின்னாலேயே போவோம். பேக்கிங்கிலிருந்து அயர்ன், அங்கிருந்து செக்கிங், அங்கிருந்து எந்த டெய்லர் கை, எந்த மிஷின் என்று போனால் ஒரு இடத்தில் நின்றுவிடும். அதே போலத்தான் போனேன். மல்லிகாவுக்கு லைன் சூப்பர்வைசர். சூப்பர்வைசருக்கு அவன் மச்சான் சதீஷ். உனக்கு வந்த மற்ற இரண்டு மெசேஜும் சதீஷ் அனுப்பியதன் நகல்தான். நெட்டில் கிறுக்கியவனும் சதீஷிடம் கேட்டவன்தான். ஆக, உன் நாலு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். சனிக்கிழமை சதீஷின் யூனிட்டுக்கே போனேன். எழுந்து நின்று, ஸ்டூல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்கு வந்துச்சுங்கம்மா, நான் அனுப்பினேன்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எல்லோரும் எங்கே படித்தீர்கள்? கையில் கொடுத்தால் எதையும் அடுத்த கைக்குத் தள்ளுவதற்கு மனுஷன் எதற்கு? அவனுக்கு அனுப்பிய குன்னத்தூர்ப் பையனின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன். கோயமுத்தூர் வைத்தியம் என்று எழுதியது அவன். "அவங்க மாசம் ஒருக்கா கோயமுத்தூர் பஸ்ல போறதப் பாத்திருக்கறனுங்க. வேற எதுக்குப் போவாங்கன்னு ஆஸ்பத்திரின்னு சேத்துப் போட்டனுங்க" என்றான். சும்மா ஒரு வரி அனுப்பினால் மதிப்பில்லை, கொஞ்சம் காது மூக்கு வைத்தால்தான் எடுபடும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. வலிப்பு என்று உனக்கு யார் சொன்னது என்றேன். ஊத்துக்குளி கார்த்தி என்றான். கார்த்தி வேறு யாருமில்லை, உன் பெரியம்மா மகன், நம் வீட்டு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் ஊத்துக்குளிக்குப் போனேன். பெரியம்மா எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, குன்னத்தூர்ப் புள்ளைக்கு வலிப்புன்னு கார்த்தி மெசேஜ் போட்டிருக்கறான். அவனுக்கு ஆருங்க சொன்னது?" என்றேன். "நாந்தான் சொன்னேன்" என்றாள். "உங்களுக்கு ஆரு சொன்னாங்க?" அவள் தவிட்டுக் கையோடு நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏம்புள்ள, நீதான சொன்ன." "நான் எப்பங்க சொன்னேன்?" "மார்கழில வந்திருந்தப்ப. அந்தப் புள்ளைக்கு வலிப்பு கிலிப்பு உண்டுங்களா, விசாரிங்கன்னு சொன்னியே. கார்த்தியை விட்டு விசாரிக்கச் சொன்னேன்." "கேட்டனுங்க்கா. கேக்கறதும் சொல்றதும் ஒண்ணுங்களா?" "மத்தவங்க கேட்டா வேற. நீ சும்மா கேப்பியா? பதினெட்டு வருசமா செக்கிங்ல நிக்கறவ. உன்ற கண்ணுல படாம எதும் போவாதுன்னு நம்ம சனம் அத்தனைக்கும் தெரியும். உனக்கு எதோ தட்டுப்பட்டிருக்குது, மருவாதிக்கு மூடிப் பேசறேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். 

பெண் எடுப்பதற்கு முன்னால் நாலு வீட்டில் விசாரிப்பது நம்மில் வழக்கம்தான். படிப்பு, குணம், சொத்து, நோய் நொடி என்று கேட்பார்கள். நான் எல்லா இடத்திலும் வலிப்பைத் தனியாக எடுத்துக் கேட்பேன், அதற்குக் காரணம் உன் சித்தி. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றுதான் உன்னிடம் சொல்லி வளர்த்தோம். ஆயிற்று, கண்ணு. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. என்னைப் பெற்ற உன் அப்புச்சியும் அம்மாயியும் நானும் சேர்ந்து மறைத்துத் தாராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தோம். ஆறாவது மாதம் அவளையும் அவள் பெட்டியையும் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். நீ ஐந்தாவது படிக்கும்போது காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அப்படி ஒரு தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். ஒரு பெண்ணின் பெயரோடு அந்த வார்த்தையைச் சேர்த்து வாயில் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் கேட்டேன். நாம் அடுத்தவர்களுக்குச் செய்ததை நமக்கு யாரும் செய்துவிடக் கூடாது என்று கேட்டேன். கார்த்தியிடமிருந்து பதில் வரவில்லை. வராததே நல்ல சேதி என்று தையில் உறுதி செய்தோம். என் கேள்வி மட்டும் நிற்காமல் இரண்டு மாதம் ஊர் சுற்றி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக்கொண்டு, மல்லிகா வழியாக என்னிடமே வந்தது. என் வாயிலிருந்து போனதை நானே ஆதாரம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். உன்னைவிடப் பெரிய முட்டாள் இந்த வீட்டில் இருக்கிறாள் என்பதில் உனக்கு ஆறுதல் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனி. நானும் கேள்விதான் கேட்டேன், நீ பதினோரு பேருக்கு அனுப்பியதும் கேள்விதான்.

திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னேன். கார்த்தி, குன்னத்தூர்ப் பையன், சதீஷ், சூப்பர்வைசர், மல்லிகா என்று ஒருவர் விடாமல், இது என் வாயிலிருந்து கிளம்பியது, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள் என்றேன். "அப்படீங்களா, செரிங்க" என்றார்கள். மூன்று நாள் கழித்துக் கேட்டேன், ஒருவன்கூட அனுப்பவில்லை. சதீஷ், "அனுப்பலாங்கம்மா, ஆனா இப்ப அதைய ஆரு படிப்பாங்க?" என்றான். நியாயம்தான். வலிப்பு இருக்கிறது என்றால் செய்தி. இல்லை என்பதில் அனுப்புகிறவனுக்கு என்ன பெருமை இருக்கிறது? அதோடு, முதலில் அனுப்பியது பொய் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து விநாடியில் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்தவர்களுக்கு அதைத் திருத்தப் பத்து விநாடி கிடைக்கவில்லை. இவர்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறாய்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் குன்னத்தூருக்குப் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நித்யாவின் அம்மா, "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அவள் குரலில் ஒரு மரியாதையும் குறையவில்லை, முகத்தைத்தான் என் பக்கம் திருப்பவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நீ ஒரு வாரமாகப் போன் எடுக்கவில்லையாம். நித்யா வேலை பார்க்கும் நர்சரிப் பள்ளியில் அவளைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சின்னக் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகிற வேலை, பெற்றவர்கள் பயப்படுகிறார்களாம். "மாசம் ஒருக்கா கோயமுத்தூர் போறது எம்.காம். கிளாசுக்குங்க. அஞ்சல் வழில படிக்கறா. ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தீங்கன்னா புத்தகத்தையே எடுத்துக் காட்டியிருப்போமுங்க" என்றாள். நித்யா உள்ளே இருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மார்கழியில் நான் கேட்டது, அது போன வழி, என் தங்கை கதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "அம்மிணி, உனக்கு ஒரு கொறையும் இல்லைன்னு நான் ஊடு ஊடாப் போயிச் சொல்றேன். ஸ்கூல்லயும் வந்து சொல்றேன். பையனைக் கூட்டியாந்து உங்க முன்னால நிறுத்தறேன். கல்யாணம் சொன்னபடி நடக்கும்" என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் நேராகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போது நித்யா வாயைத் திறந்தாள். உறுதி செய்த நாளிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிட்டவள் அன்று கூப்பிடவில்லை. "ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள். "கேளு அம்மிணி" என்றேன். "எனக்கு நெசமாவே வலிப்பு இருந்திருந்தா, இன்னிக்கு நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

நான் வந்திருக்க மாட்டேன், கண்ணு. ஆதாரம் கிடைத்தது என்று உன்னைப் போலவே ஒரு மெசேஜில் முடித்திருப்பேன், அல்லது யாரிடமாவது சொல்லி அனுப்பியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. அவள் என் முகத்திலேயே பதிலைப் படித்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. அவருகிட்டச் சொல்லிருங்க" என்றாள். அவள் அம்மா, "ஏம்மிணி" என்று எழுந்தாள். அவள், "இல்லீங்கம்மா, நாளைக்கு எனக்கு ஒடம்புக்கு நெசமா என்னமாச்சும் வந்தா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவள் அம்மாவிடம் கை கூப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் சொல்லியாகிவிட்டது. நான் அந்தப் பள்ளிக்குப் போகப் போகிறேன், நம் சொந்தத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போகப் போகிறேன். அது என் வேலை, நீ வர வேண்டாம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளுக்குப் போன் செய்யாதே, மெசேஜும் அனுப்பாதே. உன் பதினோரு நண்பர்களுக்கும் இந்நேரம் அரைகுறையாக ஏதாவது வந்து சேர்ந்திருக்கும், கல்யாணம் ஏன் நின்றது என்று உன்னைக் கேட்பார்கள். அம்மா நிறுத்திவிட்டாள் என்று சொல்லாதே, பொருந்தி வரவில்லை என்று இழுக்காதே. நித்யா உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதை அப்படியே எழுதி, நீயே எல்லோருக்கும் அனுப்பு. ஒரு சொல்லும் கூட்டாதே, குறைக்காதே.

உன் அம்மா